கடைமடையிலிருந்து ஒரு சேதி: ஈஸ்ட் எத்தனாலைத் தாங்கும் விதம்

சீடன்: எத்தனாலை உண்டாக்குவதும் ஈஸ்ட், அது மிகுந்தால் மடிவதும் ஈஸ்ட். எத்தனால் அதன் செல்லை எவ்வாறு தாக்குகிறது, ஐயா?

குரு: முதலில் செல்சவ்வு குலைகிறது. புரோட்டான்கள் உள்ளே கசிந்து செல்லின் உட்புறம் அமிலமாகிறது. புரதங்கள் மடிப்புக் கலைகின்றன. மைட்டோகாண்ட்ரியாவில் வினைமிகு ஆக்சிஜன் பெருகுகிறது. அதைத் தணிக்க அங்கேயே இருக்கும் மாங்கனீசு சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியை இழந்த ஈஸ்ட், எத்தனாலில் விரைவில் சாகிறது.

சீடன்: சவ்வைக் காக்க எர்கோஸ்டீரால், புரதத்தைக் காக்க ட்ரீஹலோஸ் இருக்கின்றனவே?

குரு: இருக்கின்றன. அவை தனிப் பாடம்.

சீடன்: அப்படியானால் பெரிய ஐயம் இது. குளுக்கோஸ் மிகுந்திருந்தால், ஆக்சிஜன் கிடைத்தாலும் ஈஸ்ட் சுவாசத்தை அடக்கிக்கொண்டு நொதித்தலையே நாடுகிறது. கிராப்ட்ரீ விளைவு என்பது இதுவே. ஒயின் தொட்டியிலோ ஆக்சிஜனும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. ஆற்றல் முழுவதும் கிளைக்கோலிசிஸ் வழியே வருகிறது. 1949-இல் போரிஸ் எஃப்ருசி பாரிஸில் விவரித்த பெட்டீட் ஈஸ்ட்கள், சுவாசிக்கும் திறனே இல்லாமல் சிறுசிறு கூட்டங்களாக வளர்ந்தன. சுவாசம் நடக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா இப்படி வேலையற்றுக் கிடந்தால், எத்தனாலைத் தாங்க எவ்வாறு உதவும்?

குரு: மைட்டோகாண்ட்ரியாவை ஆற்றல் தரும் உறுப்பாக மட்டுமே கற்பிப்பதால் எழும் ஐயம் இது. சுவாசம் நின்றாலும் இரும்பு–கந்தகக் கொத்துகள் அங்கேதான் உருவாகின்றன. அவையின்றி ஈஸ்ட் உயிர்வாழாது. எஃப்ருசியின் பெட்டீட் செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. பழுதானது அதன் டிஎன்ஏ.

பாசனக் கால்வாயில் கடைமடை காய்ந்தால், சேதி அங்கிருந்து தலைமடைக்கு ஏற வேண்டும். ஷட்டர் இருப்பது தலைமடையில். செல்லில் தலைமடை உட்கரு, கடைமடை மைட்டோகாண்ட்ரியா. சேதி ஏறும் இந்த வழியை டல்லாஸில் ரொனால்ட் பியூட்டோவின் குழு துலக்கியது. மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டால், தடையாக நிற்கும் எம்கேஎஸ்1 புரதத்தை ஆர்டிஜி2 புரதம் பற்றிக்கொள்கிறது. தடை விலகியதும் ஆர்டிஜி1, ஆர்டிஜி3 இரண்டும் இணையாக உட்கருவுக்குள் நுழைந்து சிஐடி2 முதலிய மரபணுக்களை முடுக்குகின்றன. சிஐடி2 தரும் நொதி பெராக்சிசோமில் சிட்ரேட் ஆக்குகிறது. அதனால் ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டும் அதிலிருந்து குளூட்டமேட்டும் தட்டில்லாமல் கிடைக்கின்றன. குளூட்டமேட்டிலிருந்து குளூட்டாதயோன் பிறக்கிறது. எத்தனால் கிளப்பிவிட்ட வினைமிகு ஆக்சிஜனைத் தணிப்பதில் அதற்கும் பங்குண்டு. ஆற்றல் தராத நேரத்திலும் மைட்டோகாண்ட்ரியா செல்லைக் காக்கும் வழிகளில் இது ஒன்று.

சீடன்: கடைமடையே பாழானால்?

குரு: பெட்டீட் செல்லில் சேதி ஓயாமல் ஏறுகிறது; சிஐடி2 உச்சத்தில் இயங்குகிறது. ஆயினும் அச்செல்கள் பெரும்பாலும் எத்தனாலுக்கு எளிதில் பலியாகின்றன. சேதி கேட்டுத் தலைமடை திறந்தாலும், வாய்க்கால் உடைந்திருந்தால் வயல் நனையாது.

ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் ஷெர்ரி ஒயினின் மேல் ஏடாகப் படரும் ஃப்ளோர் ஈஸ்ட், வாய்க்கால் உடையாமல் காத்துக்கொள்ள வேண்டிய உயிர். சுமார் 15 விழுக்காடு எத்தனாலின் மேல் மிதந்து, அந்த எத்தனாலையே சுவாசித்து அது வாழ்கிறது. அதே எத்தனால் அதன் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏயைச் சிதைக்கவும் வல்லது. டிஎன்ஏ போனால் சுவாசம் இல்லை, உணவும் இல்லை. 17 விழுக்காட்டுக்கு எத்தனால் ஏற்றப்படும் ஒலோரோசோ வகை ஷெர்ரியில் அந்த ஏடு படர்வதில்லை.