யாருக்காக வல்லவன்?

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தன் கதாநாயகனுக்கு வீரத்தைக் கொடுக்கலாம்; அதோடு கல்வியையும், சங்கீத ஞானத்தையும், கண்கவர் அழகையும் சேர்த்துக் கொடுக்கலாம். பேனாவில் மை இருக்கும் வரை தடுப்பார் இல்லை. ஆனால் வாசகர் தடுத்துவிடுகிறார். வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. பாதியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். எல்லாம் நிறைந்த மனிதனை யாரும் நம்புவதில்லை, நேசிப்பதும் இல்லை.

இந்த உண்மையைக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்களை அமைத்தவர்கள் கணக்காகவே போட்டு வைத்திருக்கிறார்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் காகிதமும் பகடையும் கொண்டு ஆடும் ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். ஆளுக்கொரு பாத்திரமாக வேடம் பூண்டு ஆடும் ஆட்டம் அது. இன்று இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஆடும் வேட விளையாட்டுக்கள் எல்லாம் அதன் வழிவந்த குழந்தைகள்.

2000-இல் வந்த ‘டயாப்ளோ 2’ விளையாட்டைப் பாருங்கள். அதில் ஒரு மந்திரக்காரி இருக்கிறாள். நெருப்பு, பனி, மின்னல் என்று மூன்று கிளைகளில் முப்பது வித்தைகள் அவளுக்கு உண்டு. ஒவ்வொன்றிலும் இருபது புள்ளி வரை இட்டு வளர்க்கலாம். முப்பதையும் முழுமையாக வளர்க்க அறுநூறு புள்ளிகள் வேண்டும். ஆட்டத்தின் உச்சப் படியான 99-ஐ எட்டி, வழியில் கிடைக்கும் பரிசுகளையும் சேர்த்துக்கொண்டால், கைக்கு வருவது நூற்றுப்பத்து. அந்தப் படியை எட்டுவோரும் மிகச் சிலரே.

அறுநூறு ஆசை, நூற்றுப்பத்து ஆயுள். இதைவிடச் சுருக்கமாக மனித வாழ்க்கையை யாரால் சொல்ல முடியும்?

எல்லாவற்றிலும் இரண்டிரண்டு புள்ளி தூவி வைத்தவள் தொடக்கத்தில் சமாளித்துவிடுவாள். கடுமையான கட்டத்தில் வீழ்ந்துவிடுவாள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். ஆகவே தேர்ந்தவர்கள் ஒன்றிரண்டு வித்தைகளிலேயே ஊன்றி நிற்கிறார்கள். இந்த அமைப்பை அவர்கள் ‘பில்டு’ என்கிறார்கள். ஆனால் நெருப்பை மட்டும் கற்றவள், நெருப்பால் சுட முடியாத எதிரியின் முன்னால் கை பிசைந்து நிற்கிறாள். அப்போது அவளுக்குப் பனி தெரிந்த ஒரு தோழி வேண்டியிருக்கிறது. குறை என்று நாம் வருந்துவதுதான் உறவுக்கு வாசலாகிறது.

உறவு வந்ததுமே தருமப் பிரச்சினையும் வந்துவிடுகிறது.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற விளையாட்டு 2004-இல் வந்தது. அதன் பழைய வடிவத்தையே 2019-இல் மீண்டும் வெளியிட்டார்கள். அதில் நாற்பது பேர் சேர்ந்து இறங்க வேண்டிய குகைகள் உண்டு. என் சகோதரியின் மகன் அதில் ஒரு பலாடின். அதாவது வாளும் ஏந்தலாம், காயமும் ஆற்றலாம் என்னும் வகை வீரன். அவனிடம் இருப்பது ஐம்பத்தொரு புள்ளிகள். வாளுக்கே செலவிட அவனுக்கு ஆசை. காயம் ஆற்றுவதானால் வா என்கிறது கூட்டம்.

“மாமா, ஆடுவதே சந்தோஷத்துக்குத்தானே? எனக்குப் பிடித்ததைக் கற்க எனக்கு உரிமை இல்லையா?” என்று கேட்டான்.

“தனியாகத் திரியும்போது பூரண உரிமை உண்டப்பா. ஆனால் கூட்டத்தில் சேர்வது ஒரு வாக்குறுதி. மற்ற முப்பத்தொன்பது பேரும் தங்கள் மாலைப் பொழுதை உன்னை நம்பி ஒப்படைக்கிறார்கள்” என்றேன்.

இத்தோடு நிறுத்தினால் அது பாதி நியாயம்தான். மற்றப் பாதி கூட்டத்தின் கடமை. சுலபமான இடத்திலும் ஒரே சூத்திரத்தை எல்லார் தலையிலும் கட்டுவது வல்லமை அல்ல, பயம். சூத்திரமும் நிலையானதல்ல. 2003-இல் டயாப்ளோவின் விதிகளைத் திருத்தி, ஒரு வித்தையில் இட்ட புள்ளி வேறொரு வித்தைக்கும் வலுவூட்டும்படி செய்தார்கள். பழைய பட்டியல்கள் பல அன்றே பயனற்றுப் போயின. காரணம் அறிந்து தேர்ந்தவன் புதிய வழி கண்டிருப்பான். பார்த்து எழுதியவன் அடுத்த பட்டியலைத் தேடி அலைந்திருப்பான்.

இன்னும் ஒன்று. எதிரியை வீழ்த்துகிறவனுக்குப் புகழ் கிடைக்கிறது. பின்னால் நின்று காயம் ஆற்றுகிறவனை யாரும் நினைப்பதில்லை. ஒருவனுடைய விருப்பத்தைத் தியாகமாகக் கேட்கும் கூட்டம், வெற்றியில் அவனுக்குச் சரிபங்கு கொடுக்கக் கடமைப்பட்டது. பங்கு கொடுக்காமல் தியாகத்தை மட்டும் கேட்பது சுரண்டல்.

இதைச் சொல்லும்போது என் கண்முன் விளையாட்டு இல்லை, வீடுகள் இருக்கின்றன. எத்தனையோ குடும்பங்களில் மூத்த மகளின் புள்ளிகள் எல்லாம் தம்பி தங்கைகளின் காயங்களை ஆற்றுவதிலேயே கரைந்து போகின்றன. அவள் பாட ஆசைப்பட்டாளா, படிக்க ஆசைப்பட்டாளா என்று கேட்டவர் யார்? “குடும்பத்துக்கு இதுதான் நல்லது” என்கிறோம். நல்லதாகவே இருக்கலாம். அந்த நன்மையில் அவள் பங்கு எங்கே?

டயாப்ளோவில் இட்ட புள்ளியைத் திரும்ப எடுக்கப் பத்து ஆண்டுகள் வழியில்லாமல் இருந்தது. 2010-இல் வழி செய்தார்கள். வார்கிராஃப்டில் ஒரு பொற்காசு கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். அடுத்தடுத்த முறைகளில் விலை ஏறி ஐம்பது காசு வரை போகும். வாழ்க்கை இத்தனை தாராளமானது அல்ல. நாற்பது வயதில் புதிய வித்தை கற்கலாம். இருபது வயதைத் திரும்பப் பெற முடியாது.

ஆகையால், எந்த அமைப்பு அதிக வலிமை தரும் என்று கேட்பவர்களிடம் நான் இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்வேன்: யாருக்காக இந்த வலிமை? அதற்கு விடை தெரிந்து, விட்டுக் கொடுத்ததையும் கண் திறந்து விட்டுக் கொடுத்தவன் தோற்றாலும் தன் ஆட்டத்தையே ஆடியவன். விடை தெரியாமல் வென்றவன், வேறு யாருடைய ஆட்டத்தையோ ஆடி முடித்திருக்கிறான்.