எங்களுக்குப் பின் இந்தப் பிள்ளைக்கு யார்?



எமது பங்குகளில் சில தாய்மார் செய்யும் செபம் ஒன்று உண்டு. அதை அவர்கள் உரத்துச் சொல்வதில்லை. நவநாள் முடிந்து சனம் கலைந்த பின்னர் மாதா சுரூபத்தடியில் நின்று முணுமுணுப்பார்கள். அல்லது வீடு சந்திக்க வரும் குருவானவரிடம், பிள்ளை அப்பால் போன நேரம் பார்த்துச் சொல்வார்கள். "சுவாமி, என்னை எடுக்கிறதுக்கு ஒரு நாள் முந்தி இவனை எடுத்துப்போட வேணும் எண்டுதான் நான் மன்றாடுறன்." இவன் என்பவன் ஐந்து வயதுப் பாலகனாகவும் இருக்கலாம், நாற்பது வயது மனிதனாகவும் இருக்கலாம். பிறப்பிலேயோ சிறு வயதிலேயோ அறிவு வளர்ச்சி தடைப்பட்டவன். ஊரில் இத்தகையவர்களுக்கு வைக்கும் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பெற்ற பிள்ளையின் சாவைக் கேட்பது பாவமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒருவருடைய மரணத்தை விரும்புவது அன்புக்கு விரோதம் என்றே எமது ஒழுக்க இயல் போதிக்கிறது. ஆனால் பெரும் பயம் மனித செயலின் சுயாதீனத்தைக் குறைக்கிறது என்றும், எனவே குற்றமும் குறைகிறது என்றும் அதே ஒழுக்க இயல் சொல்கிறது. இந்தத் தாய் கேட்பது தன் பிள்ளையின் சாவை அன்று. தான் இல்லாத உலகத்தில் அவன் ஒரு நாளேனும் தனியே நிற்கக்கூடாது என்பதைத்தான். அவளிடம் வெறுப்பு இல்லை. எங்கள்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

வேதாகமத்தில் இப்படி ஒருவர் மன்றாடியதை எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரத்தில் காணலாம். பால்குடிப் பிள்ளையைத் தாதி சுமப்பது போல இந்தச் சனத்தை நான் ஒருவனே எப்படிச் சுமப்பேன், அதைவிட என்னைக் கொன்றுவிடும் என்று மோயீசன் ஆண்டவரிடம் முறையிடுகிறார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பொறுமையாயிரு, உன் சிலுவையைச் சுமந்துகொள் என்று சொல்லவுமில்லை. எழுபது மூப்பர்களைக் கூட்டிவா, அவர்கள் உன்னோடு இந்தச் சுமையைச் சுமப்பார்கள் என்கிறார். அப்படிப்பட்ட செபத்துக்கு வானத்திலிருந்து வந்த மறுமொழி அதுதான்: எழுபது பேர். அந்த எழுபது பேரும் எங்கே என்பதே என் கேள்வி.

இது எங்கள் பாட்டன் காலத்தில் இவ்வளவு கூர்மையான கேள்வியாக இருக்கவில்லை. டவுண் சின்ட்ரோம் உள்ள ஒரு பிள்ளையின் சராசரி ஆயுள், 1940களின் பிற்பகுதியில், மருத்துவத்தில் முன்னேறிய மேல்நாடுகளிலேயே 12 வருடமளவில்தான் இருந்தது. இன்று அந்நாடுகளில் அது 60 வருடத்தை அண்மித்திருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இருதய சத்திரசிகிச்சையும் செய்த வேலை அது. எங்கள் நாட்டிலும் இப்பிள்ளைகள் வளர்ந்து ஆளாகி, நரைத்தும் போகிறார்கள். பெற்றோருக்கு முன்பே பிள்ளை போய்விடும் என்ற பழைய கணக்கு இனிச் சரிவராது. அத்துடன் டவுண் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதி நோய் மற்றவர்களைவிட வெகு முந்தியே வரக்கூடும். மகன் ஐம்பது வயதில் தளரத் தொடங்கும்போது தாய்க்கு எண்பது வயதாயிருக்கும்.

யார் செய்த பாவம் என்ற கேள்வியை நான் இங்கே எடுக்கவில்லை. பிறவிக் குருடனைப் பற்றிச் சீடர்கள் அப்படிக் கேட்டபோது ஆண்டவரே அதற்கு முடிவுகட்டிவிட்டார். டவுண் சின்ட்ரோமுக்கு உடற்கலங்களில் 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று மேலதிகமாக இருப்பதே காரணம் என்பதைப் பாரிஸ் நகரத்து மருத்துவர்கள் 1959இல் வெளியிட்டார்கள். அதன் பின்னரும் மருமகளின் குடும்பத்தைத் துருவி ஆராயும் மாமிமார் எங்கள் நடுவில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

சரி, எங்களுக்குப் பின் யார்? பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஆயத்தமான மறுமொழி ஒன்று இருக்கிறது: "அக்கா இருக்கிறாதானே." அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. பத்து வயதிலிருந்து தம்பியைக் குளிப்பாட்டியவள், சம்பந்தம் பேச ஆட்கள் வரும்போது அவனைப் பின்வீட்டில் கொண்டுபோய் இருத்தியவள், ஈற்றில் சம்பந்தம் எதுவும் பொருந்தாமல் நாற்பத்தைந்து வயதில் அதே அடுப்படியில் நிற்கிறாள். அண்ணன்மார் தொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், பணம் வருகிறது. அவர்கள் பெற்றோரைக் கூப்பிட நினைத்தாலும், இப்படியொரு பிள்ளை குடும்பத்தில் இருந்தால், மருத்துவ, சமூக சேவைகளுக்கு மிகையான பாரம் என்று விண்ணப்பத்தையே கனடா மறுக்கக்கூடியதாக நெடுங்காலம் சட்டம் இருந்தது. 2018இல்தான் அந்த விதியைப் பெருமளவு தளர்த்தினார்கள். ஆகவே அக்கா இங்கே நின்றாள். நாங்கள் அவளைத் தியாகி என்கிறோம்.

குருமடத்திலே எங்களுக்குத் திருச்சபைச் சட்டம் படிப்பித்தார்கள். அநியாயமான பெரும் பயத்தினால் ஒருவர் கொடுக்கும் நேர்த்தி செல்லாது என்கிறது அச்சட்டம். ஆண்டவருக்குக் கொடுக்கும் வாக்கே சுயாதீனமில்லாவிட்டால் செல்லாதென்றால், கேட்காமலே ஒரு பெண்ணின் தலையில் வைத்த சுமையை எந்த நியாயத்தில் நாங்கள் தியாகம் என்று அழைக்கிறோம்? தம்பியைப் பார்ப்பது அவளுடைய விருப்பமாக இருக்கலாம்; பல வீடுகளில் அப்படித்தான். ஆனால் முதலில் அவளைக் கேட்க வேண்டும். மறுக்கவும் அவளுக்கு இடம் இருக்க வேண்டும். ஓமென்றால் அவளோடு சேர்ந்து சுமக்க வேறும் தோள்கள் வேண்டும்.

மற்ற மறுமொழி, மடம். கன்னியர்களும் வேறு பல நல்ல மனிதரும் நடத்தும் இல்லங்களை நான் குறைத்துப் பேச வரவில்லை. அவை இல்லாவிட்டால் சிலர் தெருவிலேதான் கிடப்பார்கள். ஆயினும் எப்போது கொண்டுபோய் விடுகிறோம் என்பதைப் பாருங்கள். தாயின் எட்டுச் செலவு முடிந்த கையோடு வாகனம் பிடிக்கிறோம். ஒரே கிழமையில் அந்த மனிதன் தாயையும், தன் பாயையும், வாசல் வேம்பையும், பெயர் சொல்லிக் கூப்பிட்ட அயலையும் இழக்கிறான். அவனுக்கு விளங்காது என்று ஆறுதல் சொல்கிறோம். விளங்காதது காரணம் மட்டுமே. இழப்பு அவனுக்கு நன்றாக விளங்கும்.

இதற்கு மாற்றாக, பெரிய விடுதிகளை விட்டு, சிறு வீடுகளில் சிலர் குடும்பம் போல் ஒன்றாக வாழும் முறையை 1964இல் பிரான்சில் ஜோன் வனியே என்பவர் இரண்டு மனிதரோடு ஆரம்பித்தார். அந்த 'ஆர்ஷ்' வீடுகள் பெங்களூர், சென்னை உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவின. ஒரு காலத்தில் அவரைப் புனிதர் என்றே எழுதினோம். அவர் 2019இல் இறந்த பின், அந்த அமைப்பே நியமித்த விசாரணைகள், ஆன்மீக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் பெண்களைத் துர்ப்பிரயோகம் செய்தார் என்பதை 2020இலும், பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 25 பேர் என்பதை 2023இலும் வெளிப்படுத்தின. அவர்கள் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களல்லர். ஆனாலும் இதை நான் மறைத்து எழுதினால் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். சிறு வீடு நல்ல யோசனைதான். அதை நடத்துபவர் குருவானாலும் கன்னியானாலும் பெரியவரானாலும், சொல்லத் தெரியாத பிள்ளையை அவரிடம் ஒப்படைக்கும்போது, முன்னறிவிப்பின்றி வந்துபோகும் உறவினர்களும் கேள்வி கேட்கும் நிர்வாகமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது மறுமொழி, காணி. எங்கள் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். உறுதி எழுதும் அன்று இந்தப் பிள்ளையின் பெயர் எங்கும் வராது; பிற்காலத்தில் வீடு விற்கப்பட்டால் அவனுக்குக் கூரை இல்லை. அவனுக்குச் சீவிய உருத்து வைத்து எழுத முடியுமா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். கேட்பதற்குச் செலவில்லை.

ஆனால் வீட்டையும் ஆளையும்விட முந்தியது ஒன்று உண்டு: அவனுக்கு நாங்கள் எதைப் பழக்கினோம்? அன்பு மிகுந்த தாய், முப்பது வயது மகனுக்குச் சோறு தீத்தி விடுகிறாள். பாவம், அவனுக்கு ஏலாது என்கிறாள். பல வேளைகளில் அவனுக்கு ஏலும், நேரம்தான் பிடிக்கும். தானே குளிக்க, உடுக்க, தேத்தண்ணி போட, பத்து ரூபாவையும் நூறு ரூபாவையும் வேறு பிரிக்க, தன் பெயரையும் ஊரையும் சொல்ல, தொடக்கூடாத இடத்தில் ஒருவர் தொட்டால் கத்த — இவற்றைப் பழக்குவது வருடக்கணக்கான வேலை. பழக்காமல் விடுவதும் ஓர் அநியாயமே. அன்பினால் செய்வதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பாடசாலை இதற்கு உதவ வேண்டும். ஊனத்தைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைக் கல்வி நிலையத்தில் சேர்க்க மறுப்பதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. இவர்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தையும் இலங்கை 2016இல் உறுதிப்படுத்தி ஏற்றுக்கொண்டது. எல்லா ஊரிலும் விசேட கல்வி அலகு இல்லை, உண்மை. இருந்தும் முதல் அதிபர் தலையாட்டி மறுத்தவுடன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் ஒரு நடை — தாய் தனியே போனால் கதிரை கொடுக்க மாட்டார்கள். பங்குச் சபையிலிருந்து இருவர் கூடப் போனால் கொடுப்பார்கள். எழுபது பேரில் இருவர் அங்கே கிடைத்துவிட்டார்கள்.

கோவிலுக்கும் வருவோம். முதல் நற்கருணை வகுப்பில் இப்பிள்ளைகளை விட்டுவிடுகிறோம். மந்திரம் பாடமில்லை என்பது காரணம். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிந்தால் சிறு பிள்ளைக்குப் போதும் என்று பத்தாம் பத்திநாதர் 1910இலேயே தீர்த்துவைத்தார். அறிவுப் பயன் மிகக் குறைந்தவர்களுக்கும் பக்தியின் சாயல் இருந்தால் நற்கருணையை மறுக்கலாகாது என்பது புனித தோமஸ் அக்குவினாசின் முடிவு. மறைக்கல்வியை அவர்களுடைய நிலைமைக்கேற்பக் கொடுப்பது பங்குத்தந்தையின் கடமையென்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. ஆகவே இதில் குறை முதலில் எங்களைப் போன்ற குருக்களுடையது. இதை நான் வலியுறுத்துவதற்கு வேறு காரணமும் உண்டு. ஞாயிறுதோறும் முன் வாங்கில் இருப்பவனை, காணிக்கைத் தட்டை ஏந்துபவனை, முழு ஊரும் பெயர் சொல்லி அறியும். அவன் ஒரு ஞாயிறு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். உள்வீட்டில் வளர்ந்தவன் காணாமற் போனால் கேட்க ஆளில்லை.

இந்த மாதமே செய்யக்கூடிய ஒன்றைப் பெற்றோருக்குச் சொல்லி முடிக்கிறேன். எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்குங்கள். அவன் என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், இடி முழங்கினால் எங்கே ஒளிப்பான், எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, 'தண்ணி' என்பதற்கு அவன் சொல்லும் சொல் என்ன, யாரைக் கண்டால் சிரிப்பான் — உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். எழுத வராவிட்டால் மறைக்கல்விப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எழுதுவியுங்கள். பிரதிகள் இரண்டு எடுத்து, வீட்டுக்கு வெளியே இருவரிடம் கொடுங்கள். பின்பு நீங்கள் சுகமாயிருக்கும்போதே, அவனைச் சித்தி வீட்டிலோ ஞானத்தாய் வீட்டிலோ இரண்டு இரவு படுக்க விடுங்கள். முதல் இரவு அவனும் தூங்க மாட்டான், நீங்களும் தூங்க மாட்டீர்கள். அடுத்த மாதம் மறுபடி அனுப்புங்கள்.