சாமிக்கு நேர்வழி

வழி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நாஞ்சில் நாட்டில் சமயத்திலிருந்து பிரிக்க முடியாது. 1926இல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடந்தது, ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக. கோயிலுக்குள் நுழையும் உரிமை திருவிதாங்கூரின் 1936 பிரகடனத்தில்தான் வந்தது. அந்தப் பழைய திருவிதாங்கூரின் தலைநகரான திருவனந்தபுரமே இன்றும் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டிக்காரர்கள் விமானம் ஏறும் ஊர். அங்கே பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டு என்னும் நீராட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது விமானங்கள் சில மணி நேரம் நிற்கின்றன; ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து போகிறது. 1932இல் தொடங்கிய விமான நிலையத்தைவிட அந்த வழி பழையது.

ஒரு சடங்குக்காக இத்தனை பயணிகளைக் காக்கவைக்கலாமா என்பார்கள். நேரத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுவதால் இது பெரிய ஆட்சேபமல்ல. இது அரசகுலச் சலுகையின் மிச்சம்தானே என்பது வலுவான கேள்வி. ஓரளவு உண்மைதான். ஆனால் எங்கும் நிறைந்த கடவுளுக்கு வழி எதற்கு? கூட நடக்கும் மனிதர்களுக்குத்தான் அது வேண்டும். அப்படியானால் அந்த வழியின் புனிதம், விமானம் ஏறப் பெட்டியோடு பஸ்ஸில் வருகிறவருக்கும் சேரும். அவரோ நாகர்கோவில் வடசேரியில் மாறி, திருவனந்தபுரம் தம்பானூரில் மாறி வருகிறார். உள்நாட்டு முனையம் கடற்கரைப் பக்கம், பன்னாட்டு முனையம் சாக்கைப் பக்கம், நடுவே ஓடுபாதை. பக்கம் தவறினால் ஊரைச் சுற்றவேண்டும். சாமிக்கு நேர்வழி, ஆசாமிக்குச் சுற்றுவழி! பழைய வழிக்கு மரியாதை செய்வது மெய்யென்றால், வளைகுடாவுக்குப் போகும் கொத்தனார் நள்ளிரவிலும் டாக்சிப் பேரம் இல்லாமல் முனைய வாசலில் இறங்கும்படி பஸ் ஓடவேண்டும்.