நாளொன்றுக்கு எத்தனை சொல்?

தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த பெட்டாலிங் ஜெயா, 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்னும் ரப்பர்த் தோட்டத்து நிலத்தில் உருவாகத் தொடங்கிய நகரம். இருள் பிரியுமுன் உளியோடும் வாளியோடும் மக்கள் நடந்த மண் அது. அம்மண்ணின்மேல் எழுந்த வீடொன்றில், ஒரு தமிழாசிரியர் நாவல் எழுத முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளியின் நீண்ட விடுமுறை தொடங்கும் நாள் அது. புதிய குறிப்பேடு ஒன்றின் முதற்பக்கத்தில் அவர் எழுதுகிறார்: நாளொன்றுக்கு 1,000 சொற்கள், 50 நாள்களில் 50,000 சொற்கள், நாவல் நிறைவு.

கணக்கில் பிழையில்லை. ஆயினும் பத்தாம் நாளுக்குள் அக்குறிப்பேடு மேசையின் இழுப்பறைக்குள் போய்விடுகிறது. இந்தத் தோல்வி சோம்பலால் வந்ததா, அன்றி வேறொன்றால் வந்ததா? இவ்வினா எழுத்துத் தொழிலின் நுட்பம் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் அறத்தைச் சார்ந்தது. தன்னால் இயலாததைச் செய்வதாகத் தனக்குத்தானே வாக்களிப்பவன் பொய்யனா?

பிறரிடம் பொய்யுரைத்தால் என்றேனும் ஒருவர் கேட்டுவிடுவார். தன்னிடம் உரைத்த பொய்யைக் கேட்க ஆளில்லை. அதனினும் கொடிது, அப்பொய் இனிப்பது. நாவலை எழுதி முடித்தவன் அடையும் மகிழ்ச்சியில் ஒரு பங்கினை, எழுதுவதாக முடிவு செய்தவன் அன்றிரவே உண்டுவிடுகிறான். பெரிய இலக்கு பெரிய இன்பத்தைத் தருகிறது. அதற்கு விலையேதும் கொடுக்க வேண்டியதில்லை. பின்னர் எழுதுகோலைத் தொடும்போது, முன்பே உண்டு தீர்த்த விருந்துக்கு உழைப்பது போன்ற சலிப்பு வந்துவிடுகிறது. பலருடைய முதல் நாவல் நின்றுபோன இடம் இதுவே.

திருவள்ளுவர் வலியறிதலை 48-ஆம் அதிகாரமாகவும், காலமறிதலை 49-ஆம் அதிகாரமாகவும், இடனறிதலை 50-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். அரசனுக்குச் சொன்ன இவ்வரிசை எழுத்தாளனுக்கும் அப்படியே பொருந்துவது வியப்பு. முதலில் தன் வலிமை, பிறகு தனக்குள்ள காலம், பிறகு அமரும் இடம். குறிப்பேட்டில் 1,000 என்று எழுதியவர் மூன்றையும் பாராமல் படை திரட்டியவர்.

அவருடைய காலத்தை எண்ணிப் பார்ப்போம். விடுமுறை முடிந்த பின்னர், பாடக்குறிப்பு, திருத்தவேண்டிய பயிற்சிப் புத்தகங்கள், புறப்பாட நடவடிக்கைகள், மாலையில் கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசல், இரவில் தம் பிள்ளைகளின் பாடம். எஞ்சுவது வார நாள்களில் நான்கு இரவுகளில் ஓர் அரைமணி. வார இறுதியில் ஒரு விடியற்காலை. அரைமணிக்கு 150 சொல் என்றால் நான்கு இரவுகளில் 600. வார இறுதியில் மற்றொரு 600. வாரத்திற்கு 1,200. ஆண்டின் 52 வாரங்களில் தேர்வு, தீபாவளி, பொங்கல், உறவினர் திருமணம், காய்ச்சல் ஆகியவற்றுக்கென்று 10 வாரங்களைக் கழித்துவிட்டால் 42 வாரங்கள். 42-ஐ 1,200-ஆல் பெருக்கினால் 50,400 சொற்கள் வருகின்றன. 50 நாளில் வராத நாவல், ஒரு நாளும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாமல் ஓர் ஆண்டில் முதற்படியாக வந்துவிடுகிறது. திருத்தி எழுத மேலும் ஆறு திங்கள் வேண்டும்.

இங்கே தமிழாசிரியர் ஒருவர் குறுக்கிட்டு, சொல் என்பதை எவ்வாறு எண்ணுவது என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். "சொல்லிக்கொண்டிருந்தான்" என்பது ஒரு சொல்லா, பிரித்தெழுதி மூன்று சொல்லா? ஆங்கிலத்தில் பல சொற்களாய் நிற்பவை தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே ஆங்கில எழுத்தாளன் சொன்ன எண்ணிக்கையைத் தமிழன் அப்படியே கடன்வாங்குவது பிழை. தமிழில் 500 சொல் எழுதியவன் அவனைவிட மிகுதியாகவே எழுதியிருப்பான். கணினியோ இடைவெளியைத்தான் எண்ணுகிறது. புணர்ச்சியைப் பிரித்துப் பிரித்து எழுதியே அன்றைய இலக்கை எட்டிவிடும் கெட்டிக்காரரும் இருக்கக்கூடும். பக்கக் கணக்கே நமக்கு நேர்மையானது.

கணக்கிட்டு எழுதியவர்களுள் பெயர் பெற்றவர் ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலோப். அஞ்சல் துறையில் 1867 வரை பணிபுரிந்துகொண்டே எழுதியவர். எழுதிய நாவல்கள் 47. காலை ஐந்தரை மணிக்கு எழுத்துமேசையில் அமர்வதற்காகத் தம்மை எழுப்பவென்றே ஒரு பணியாளுக்கு ஆண்டுதோறும் தனியே பணம் கொடுத்தார். முதல் அரைமணி நேரம் முன்னாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை முன்வைத்துக் கால்மணிக்கு 250 சொல் வீதம் எழுதுவார். 1883-இல், அவர் மறைந்த பின்னர் வெளிவந்த தன்வரலாறு இவற்றையெல்லாம் ஒளிவுமறைவின்றிக் கூறிற்று. வாசகர் பலர் முகம் சுளித்தனர். கலைஞன் செருப்புத் தைப்பவனைப்போல் வேலை செய்வதா என்றனர். செருப்புத் தைப்பவரிடம் என்ன குறை கண்டனரோ!

ஆயினும் அவர்கள் ஐயத்தில் ஓர் உண்மை உண்டு. இலக்கை எட்டுவதற்காக எழுதப்படும் வெற்றுச் சொல், கல் கலந்த அரிசி. போட்டியின் இறுதி நாளுக்காகப் பக்கம் நிரப்பப்பட்ட நாவலில், கதைமாந்தர் காரணமின்றித் தேநீர் அருந்துவர்; நிலவு அளவுக்கு மீறி ஒளிவீசும். அதனை வாசகர் உடனே கண்டுகொள்வர்.

இதற்கு விடை பெட்டாலிங் ஜெயாவின் பழைய மண்ணிலேயே இருக்கிறது. பால்மரம் வெட்டுபவர் ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டுவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது வழக்கம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையுமென்று விடியலிலேயே தொடங்குவார். மழையில் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறைவதை அறிந்து, அதற்காக உளியை ஆழமாகப் பாய்ச்சமாட்டார். பாய்ச்சினால் மரம் காயப்படும், புதுப்பட்டை செம்மையாக வளராது. தவறிய நாளின் பாலை மறுநாள் இரட்டிப்பாய்க் கறக்க முயலும் அறிவீனம் அங்கில்லை. எழுத்தாளனோ திங்களன்று தவறிய 150 சொல்லைச் செவ்வாயின் கணக்கில் ஏற்றி, புதனன்று 450 சொல் கடனாளியாகி, வியாழனன்று தன் எழுத்தின் முகத்தில் விழிக்க அஞ்சுகிறான். தவறிய நாள் தவறியதே.

மழைநாளும் வெயில்நாளும் வேறு வேறு மனிதருக்கு வேறு வேறு. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் 'பொன்னியின் செல்வ'னை அளித்தார். வாரஇதழின் அச்சு அவருக்குக் காத்திராது. ஜெயமோகன் 2014-இல் தொடங்கி நாளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதிய 'வெண்முரசு' 2020-இல் 26 நாவல்களாக நிறைவுற்றது. சுந்தர ராமசாமியின் முதல் நாவலுக்கும் இரண்டாவதற்கும் இடையே, 1966-க்கும் 1981-க்கும் நடுவில், பதினைந்து ஆண்டுகள். இவர்களுள் ஒருவரை மட்டும் உழைப்பாளி என்பதும் மற்றவரைச் சோம்பேறி என்பதும் பேதைமை. மலேசிய மண்ணில், 1930-இல் பிறந்த அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' வெளிவந்தபோது அவர் எழுபதைக் கடந்திருந்தார். ஜப்பானியர் காலத்தின் பட்டறிவு அத்தனை ஆண்டுகள் அவருள் காத்திருந்தது. எந்தக் கால அட்டவணையில் அதனை எழுதிவைத்திருக்க முடியும்?

இன்னொன்றும் எண்ணத்தக்கது. ஆசிரியர் தம் நாவலுக்கான அரைமணியை எங்கிருந்து எடுக்கிறார்? தூக்கத்திலிருந்து எடுத்தால் அவர் பொருள். வகுப்பு நேரத்திலிருந்தும் திருத்தப்படாத கட்டுரைகளிலிருந்தும் எடுத்தால் அது மாணாக்கர் பொருள். எத்துணைச் சிறந்த நாவலும் அதற்கு ஈடாகாது. குறைந்த இலக்கின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது: பிறர் பொருளைத் தொடாமல் எழுத அது இடந்தருகிறது.

எழுதி முடிக்கும் நாளே எழுத்தாளன் கையில் உள்ளது. அதற்குப் பின் நிகழ்வது அவன் கையில் இல்லை. ப. சிங்காரம் மதுரையில் நாளிதழ்ப் பணியிலிருந்துகொண்டே, தாம் இளமையில் வாழ்ந்த மேடானையும் கண்ட பினாங்கையும் களமாக்கி எழுதிய 'புயலிலே ஒரு தோணி', எழுதி முடித்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து 1972-இல்தான் நூலாயிற்று. அவருக்கு அது இரண்டாவது நாவல். 1997-இல் மறையும்வரை மூன்றாவதை அவர் எழுதவில்லை.