பெட்பேன் யார் கையில்?

பி.எஸ்சி. நர்சிங் 4 வருசப் படிப்பு. 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. தொடக்கத்திலேயே பெட்பேன் வைக்கச் சொல்லித் தருகிறார்கள், முதலில் பொம்மைக்கு, அப்புறம் வார்டில். நோயாளியிடம் சொல், திரையை இழு, கையுறை போடு, எடுத்ததும் நிறம் பார், அளவு பார், எழுது. மலம் கறுத்திருந்தால் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு இருக்கலாம் (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், கேட்டுக்கொள்ள வேண்டும்). களிமண் நிறமென்றால் பித்தநீர் அடைப்போ என்று பார்க்க வேண்டும். நல்ல பாடம்தான்.

நான் பார்த்த வார்டுகளில் மார்க் போட்டு முடித்ததும் பெட்பேன் கைமாறிவிடுகிறது. 'ஏ ஆயா, இங்க வா.' ஒப்பந்தக் கூலிக்கு வந்தவள் எந்தத் தெருக்காரி என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும். மாணவி தொட்டால் சேவை. ஆயா தொட்டால் அவ பொழப்பு. பீ ஒன்றுதான்.

நம் பிள்ளைகளும் இன்று அந்தச் சீருடையில் நிற்கிறார்கள். 'இந்த வாளியத் தூக்கக் கூடாதுன்னுதானடி படிக்க வச்சேன்' என்கிற தாய்க்கு என்ன பதில் சொல்வது? தொடாதே என்று மகளுக்குச் சொன்னால், வாளி இன்னொரு தாயிடம் போகிறது. கறுத்த மலத்தை முதலில் பார்ப்பவளும் அவள்தான். அவள் சொன்னால் எந்தப் பதிவேட்டில் ஏறும்?