கையெழுத்து யாருடையது?

மாலை வேளைகளில் மணிமங்கலத்து ஏரிக்கரையில் நடப்பது என் வழக்கம். ஒரு பக்கம் தண்ணீர். மறு பக்கம், ஷிப்டு முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரகடத்திலிருந்து வருகிற கம்பெனி பஸ்கள். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியைப் புறங்காட்ட வைத்த போர்க்களங்களில் இந்த ஊரும் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்லுகிறது. உயிரை எடுத்தவர்களின் பெயரைச் செம்பில் வெட்டி வைத்தோம். தலைமுறை தலைமுறையாக இங்கே பிள்ளை எடுத்த மருத்துவச்சிகளுக்கு மரக்கால் நெல்லும் ஒரு புடவையும் கொடுத்ததோடு சரி.

2024 நவம்பரில் இந்தப் பக்கத்து டீக்கடைகளிலெல்லாம் ஒரே பேச்சு. குன்றத்தூர் அருகே ஒருவர், வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த யோசனைகளை நம்பித் தம் மனைவிக்குத் தாமே வீட்டில் பிரசவம் பார்த்துவிட்டார். ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்த குழுவாம் அது. சுகாதாரத் துறை புகார் கொடுத்தது, போலீஸ் விசாரித்தது. தாயும் குழந்தையும் பிழைத்தது தெய்வாதீனம்.

"அந்த மனுஷனைப் பிடித்து உள்ளே போட வேண்டும்" என்று வீட்டுக்கு வந்து ஆவேசமாகச் சொன்னேன். பிள்ளைக்குச் சோறூட்டிக் கொண்டிருந்த என் மகள் நிமிரவே இல்லை.

"போடட்டும்ப்பா. அந்தப் பொண்ணு எதுக்காக ஆஸ்பத்திரி வேண்டாம்னு நினைச்சான்னு யாராவது கேட்டாங்களா?"

அந்தப் பெண்ணின் மனம் எனக்குத் தெரியாது. என் மகளின் மனம் தெரியும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

அவள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு திருகாணியின் அளவு சரியில்லை என்றால் ஓடுகிற வரிசையையே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவளுக்கு உண்டு. அவளுடைய பிரசவ இரவில் மாப்பிள்ளை வெளியூரில் இருந்தார். பதினோரு மணிக்கு ஒரு நர்ஸ் வந்து என்னிடம் காகிதத்தை நீட்டினாள். "சிசேரியன் பண்ணணும் சார். ஆபத்து" என்றாள். உள்ளேயிருந்து என் மகளின் குரல் கேட்டது: "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமா? எழுந்து நடக்கட்டுமா?" அந்தக் குரல் எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். கேட்டது. கையெழுத்தும் போட்டேன்.

அந்த அறுவை அவசியமாகவே இருந்திருக்கலாம். டாக்டரைக் குற்றம் சொல்ல நான் வைத்தியம் படித்தவனல்லன். நான் சொல்வது என் குற்றத்தை. பக்கத்து அறையில் முழு நினைவோடு இருந்தவளை ஒரு வார்த்தை கேட்காமல், அவள் உடம்புக்கு நான் சம்மதம் கொடுத்தேன். 2008-இல் சமீரா கோஹ்லி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது: வயது வந்த, சித்தம் தெளிந்த ஒரு பெண்ணின் உடம்பில் கத்தி வைக்க அவளுடைய சம்மதம்தான் வேண்டும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயார் போட்ட கையெழுத்துகூடச் செல்லாது. அது பிரசவ வழக்கல்ல. ஆனால் தாயின் கையெழுத்தே செல்லாதென்றால், தகப்பனின் கையெழுத்து எந்த மூலைக்கு?

'வயிற்றிலிருக்கும் உயிருக்காக யார் பேசுவது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பத்து மாதம் சுமந்தவளைவிட அந்த உயிரின்மேல் அக்கறை உள்ளவன் வராந்தாவில் நின்ற நானா? 'ஆபத்து' என்ற சொல்லுக்கு எதிரே எந்தத் தாயும் வாயடைத்துப் போவாள். அதனாலேயே அந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் பொறுப்போடு சொல்ல வேண்டும்; அவளிடம் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8. இந்தியா முழுவதற்கும் 21.5தான். நம் பெண்களின் இடுப்பெலும்பு மட்டுமா இப்படிக் குறுகிப் போயிற்று?

இதற்காகப் 'பாட்டி காலமே பொற்காலம்' என்று பாடுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றுச் செத்தவர்கள் பாட்டிகளாகவில்லை. அவர்கள் கதையைச் சொல்ல ஆளில்லை. 2018-இல் திருப்பூரில், யூடியூபைப் பார்த்து வீட்டில் நடத்திய பிரசவத்தில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கினால் இறந்தாள். அதைச் சுதந்திரம் என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

போராடுகிற பெண்கள் கேட்பது அதுவல்ல. மும்பையிலிருந்து சுபர்ணா கோஷ் என்பவர் 2017-இல் ஆயிரக்கணக்கானோரின் ஆதரவைத் திரட்டிக் கேட்டது, ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் சிசேரியன் கணக்கை வெளியிட வேண்டும் என்பதே. மற்றவர்கள் கேட்பது, பயிற்சி பெற்ற ஒரு மருத்துவச்சி. வலி தொடங்கியதிலிருந்து கூடவே இருந்து, நடக்கவும் குந்தவும் சாய்ந்துகொள்ளவும் விட்டு, சிக்கல் தெரிந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடத் தெரிந்தவள். ஹைதராபாதில் பெர்னாண்டஸ் ஆஸ்பத்திரி 2011 முதலே இத்தகையவர்களைத் தயார் செய்து வருகிறது. 2018 டிசம்பரில் இந்திய அரசே, நர்ஸுகளுக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி கொடுத்து மருத்துவச்சிகளாக்கும் திட்டத்தை வெளியிட்டது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்றும் சுகப் பிரசவங்களைப் பெரும்பாலும் நர்ஸுகள்தான் பார்க்கிறார்கள். கை இருக்கிறது, அந்தக் கைக்கு அதிகாரமும் அவகாசமும் கொடுக்கத்தான் நமக்கு மனம் வரவில்லை. கத்திக்கும் வாட்ஸ்அப்புக்கும் நடுவில் அவளுக்குரிய நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

என் மகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். ஒரு முறை அறுத்த வயிறு; டாக்டரும் தியேட்டரும் பக்கத்தில் இல்லாமல் முடியாது என்று அவளுக்கும் தெரியும். மருத்துவச்சியும் டாக்டரும் சேர்ந்து பார்க்கிற இடமாக விசாரித்துக் கொண்டிருக்கிறாள். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், பதினேழு கேள்விகள். நேற்று அதை என்னிடம் காட்டினாள்.

"நானும் வரட்டுமா அம்மா?" என்று கேட்டேன்.

"வாங்கப்பா. பேனாவை மட்டும் வீட்டிலேயே வெச்சுட்டு வாங்க" என்றாள்.