மேற்பூச்சும் மனச்சாட்சியும்



வைகாசி கழிந்து ஆனி பிறப்பதற்குள் நம் பக்கத்தில் மழை இறங்கிவிடும். தமிழ்நாட்டின் பல சீமைகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பெரிது. நமக்கோ தென்மேற்குக் காற்றும் வடகிழக்குக் காற்றும் இரண்டுமே மழை கொண்டுவருகின்றன. ஆகையால் வருஷத்துக்கு இரண்டு தரம் நம் வீட்டுக் கூரைகள் சோதிக்கப்படுகின்றன. நம் முன்னோர் ஓலைக் கூரையைப் புது ஓலை கொண்டு வேய்ந்தார்கள். ஓட்டுக் கூரையில் உடைந்த ஓட்டை மாற்றினார்கள். கான்கிரீட் தளம் வந்தபின், வெடிப்பு விட்ட இடங்களின்மேல் ரப்பரைப்போல் இழுபடுகிற ஒரு பூச்சை வாளியில் வாங்கிப் பூசுகிறோம். இந்தப் பூச்சைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். ஞான காரியத்தை விட்டுக் கொத்தனார் வேலைக்குச் சாமியார் போய்விட்டாரோ என்று எண்ணவேண்டாம்.

சில நாட்களுக்கு முன் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். பாவசங்கீர்த்தனத்துக்கு அல்ல; திண்ணையில் உட்கார்ந்து பேசத்தான் வந்தார். அவருடைய சம்மதத்தோடேயே இதை எழுதுகிறேன். மகள் கலியாணத்துக்காக வீட்டை விற்கவேண்டிய நிலை. தளம் ஒழுகுகிறது. மேலே இரண்டு கை பூச்சு, கீழே ஓதம் பிடித்த இடத்தில் வெள்ளை, இவ்வளவும் அடித்தாயிற்று. "வாங்க வந்தவிய ஒண்ணும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல. இது பாவமா சாமி?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன், தளம் எப்படிக் கெடுகிறது என்பதை அறியவேண்டும். மயிரிழை போன்ற வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளேயிருக்கும் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துருவானது இரும்பைவிடச் சில மடங்கு அதிக இடம் பிடிப்பதால், சுற்றியுள்ள கான்கிரீட்டை நெருக்கித் தள்ளுகிறது. ஒரு நாள் கீழ்ப்பக்கம் பெயர்ந்து விழுகிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றினால் இது இன்னும் வேகமாய் நடக்கும். தொட்டிலில் குழந்தை கிடக்கும் அறையிலும் அது விழலாம். ஆகவே இது வெறும் பணக் காரியமல்ல, உயிர்க் காரியம்.

பூச்சு கெட்டதா? இல்லை. முறையாகப் பூசினால் அது நல்ல காவல். ஆனால் முறை உண்டு. பெயர்ந்ததைக் கொத்தி எடுக்கவேண்டும், கம்பியின் துருவைச் சுரண்டவேண்டும், வெடிப்பை அடைக்கவேண்டும், தண்ணீர் தேங்காதபடி வாட்டம் பார்க்கவேண்டும், தளம் நன்றாய் உலரவேண்டும். இவ்வளவுக்கும் பிறகே பூச்சு. ஈரத்தின்மேல் பூசினால், உள்ளே அகப்பட்ட ஈரம் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாய்த் தூக்கிவிடும்.

இதை நான் புஸ்தகத்தில் மாத்திரம் படிக்கவில்லை. முன்பு நான் இருந்த ஒரு பங்கில், திருநாள் நெருங்கிவிட்டதென்றும் பெரியவர்கள் வருவார்கள் என்றும் அவசரப்பட்டு, மழை விட்ட மறுநாளே பங்கு வீட்டுத் தளத்தில் பூசச் சொன்னேன். கொத்தனார் நாலு நாள் பொறுக்கச் சொன்னார், நான் கேட்கவில்லை. திருநாளன்று பார்க்க அழகாயிருந்தது. மூன்று மாதத்தில் கொப்புளம் கொப்புளமாய் உரிந்தது. அன்று நான் விரும்பியது மழையைத் தடுப்பதையா, பார்க்கிறவர்கள் கண்ணைத் தடுப்பதையா என்று பிற்பாடு என்னையே கேட்டு வெட்கப்பட்டேன்.

ஆக, பூச்சு இரண்டு வகை. தண்ணீர் உள்ளே வராதபடி தடுக்கும் பூச்சு ஒன்று. பிறர் பார்வை உள்ளே போகாதபடி தடுக்கும் பூச்சு மற்றொன்று. வாளி ஒன்றே, கையும் ஒன்றே, கருத்துத்தான் வேறு.

1274-ல் மரித்த வேதசாஸ்திரியான அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இந்தக் கேள்வியையே எடுத்து விசாரித்திருக்கிறார். விற்கிறவன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா? அவர் பகுத்துச் சொல்லுவதாவது: ஒற்றைக் கண் குதிரையைப்போல் குறை வெளியே தெரிந்து, விலையும் அதற்குத் தக்கபடி குறைந்திருந்தால், வாய்விட்டுச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. குறை மறைவாயிருந்து, வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ விளைவிக்குமானால், சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாமல் விற்பது நியாயமல்ல, நஷ்டத்தை ஈடுசெய்யவும் வேண்டும். இதற்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, இடியப்போகும் வீட்டை உறுதியான வீடென்று விற்பது! ஊரெல்லாம் தமுக்கடிக்க வேண்டாம், வாங்க வருகிறவனிடம் சொன்னால் போதும் என்றும் தெளிவுபடுத்துகிறார். நம் நாட்டு 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவும், வாங்குகிறவன் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை, அதை அறிந்த விற்பனைக்காரன் வெளிப்படுத்தவேண்டும் என்றே விதிக்கிறது.

இப்போது பெரியவரின் காரியத்தைப் பாருங்கள். மேலே அண்ணாந்து பார்த்தால் ஓதம் தெரிந்தவரையில் அது வெளியான குறை. "அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்ல அவருக்குக் கொஞ்சம் இடமிருந்தது. வெள்ளை அடித்த நிமிஷத்தில் வெளியான குறை மறைவான குறையாயிற்று. அதை மறைவாக்கியது அவருடைய கை. ஆகையால் "நான் ஒன்றும் சொல்லவில்லையே" என்று அவர் சொல்லமுடியாது. அவர் வாய் சொல்லாத பொய்யை அந்த வெள்ளை சொல்லிக்கொண்டிருக்கிறது.

"சொன்னால் விலை இறங்குமே, கலியாணம் என்னாகும்?" என்றார். அவருடைய கஷ்டம் மெய்யான கஷ்டம். அதை நான் இலேசாய் எண்ணவில்லை. ஆனால் இறங்கப்போகிற அந்தத் தொகை முதலிலிருந்தே அவருடையதல்ல. அது வாங்குகிறவன் நாளை தளத்தைப் பழுதுபார்க்கச் செலவிடவேண்டிய பணம். அவனும் தன் மகளுக்காகச் சேர்த்த பணமாயிருக்கலாம். ஒரு பெண்ணின் மாங்கலியத்துக்கு மற்றொரு வீட்டுப் பிள்ளையின் தலைக்குமேல் ஆபத்தை விலையாய் வைக்கலாமா? அவருக்கு இரண்டு வழி உண்டு: முறையாய்ப் பழுதுபார்த்து நல்ல விலைக்கு விற்கலாம், அல்லது உள்ளதைச் சொல்லி உள்ள விலைக்கு விற்கலாம். குறைகிற தொகையைப் பற்றி நாம் அயலார் என்ன செய்யக்கூடும் என்று பங்கு மக்களாகிய நாமும் யோசிக்கவேண்டும். உண்மை பேசுகிறவனைத் தனியே நஷ்டப்படவிட்டு, பிரசங்கத்தில் மட்டும் புகழ்வது நமக்கு அழகல்ல.

பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 14-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வீட்டுச் சுவரில் நோய் கண்டால், வீட்டுக்காரன் தானே போய்க் குருவிடம் சொல்லவேண்டும். குரு வந்து பார்த்து ஏழு நாள் வீட்டை அடைத்துவைப்பார். கெட்ட கல்லைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, வேறு கல் வைத்து, அதன் பின்பே புதுச் சாந்து பூசவேண்டும். முதலில் சொல்லுதல், அப்புறம் பெயர்த்தல், கடைசியில் பூசுதல். நல்ல பாவசங்கீர்த்தனத்தின் ஒழுங்கும் இதுவல்லவா? ஆத்தும சோதனையும் மனஸ்தாபமும் பிரதிக்கினையும் இல்லாமல், திருநாளுக்காக அவசரமாய்ச் செய்யும் பாவசங்கீர்த்தனம் ஈரத் தளத்தின்மேல் பூசிய பூச்சே. பிறர் உடைமையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவன், கம்பியின் துருவைத் தொடாமலே வெள்ளை அடிக்கிறவன்.

பெரியவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவியள கூப்பிட்டு மேல ஏத்திக் காட்டிருகேன் சாமி" என்று சொல்லி எழுந்து போனார். அவருக்காகவும், வாங்குகிற குடும்பத்துக்காகவும் இந்த வாரம் ஜெபிப்போமாக.

மழைக்கு முன் உங்கள் தளத்தின்மேல் ஏறிப் பாருங்கள். பார்த்து இறங்கும்போது உங்கள் மனச்சாட்சியையும் ஒரு தரம் பாருங்கள்.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சாமியார்